ஃபோம் பிட்டைக் கிளறிவிட்ட அண்ணனுக்கும் மற்ற எல்லோருக்கும்

அன்புள்ள எல்லோருக்கும்,

போன வருடம் வால்ட்டில், அதாவது ஓடிவந்து டேபிளில் கை ஊன்றிப் பாயும் ஜிம்னாஸ்டிக்ஸ் போட்டியில், எனக்கு முட்டியில் அடிபட்டது உங்களுக்குத் தெரியும். அதை மறுபடி எழுத எனக்கு இன்னும் தெம்பு வரவில்லை. நேற்று மாநிலப் போட்டியில் அதே ஹேண்ட்ஸ்பிரிங் ஃப்ரண்டை (டேபிளில் கை ஊன்றி எழும்பி முன்பக்கமாக ஒரு குட்டிக்கரணம்) போட்டு இரண்டு காலிலும் இறங்கினேன். இறங்கியதும் சின்னதாக ஒரு ஸ்டெப் வைத்துவிட்டேன், 0.1 மதிப்பெண் போயிற்று. போகட்டும். வீட்டுக்கு வந்து குளித்துச் சாப்பிட்டதும் இதை எழுத உட்கார்ந்துவிட்டேன்.

எங்கள் ஹாலைத் திறந்து, பெருக்கி, மேட் எல்லாம் இழுத்துப் போட்டு, ராத்திரி பூட்டிவிட்டுப் போகும் அண்ணனைப் பற்றி முதலில் சொல்லியாக வேண்டும். அவருக்கு ஜிம்னாஸ்டிக்ஸ் தெரியாது என்று அவரே சொல்வார். நான் திரும்பவும் வால்ட்டுக்கு வந்தது யாரால் என்று கேட்டால், என் மனதில் முதலில் வருவது அவர்தான்.

முன்பக்கமாகச் சுற்றுவது சுலபம் என்று வெளியில் இருப்பவர்கள் நினைப்பார்கள். நடப்பதும் ஓடுவதும் முன்பக்கம்தானே! உண்மையில் பின்பக்கம் சுற்றும்போது கால் இறங்குவதற்கு முன்பே தரை கண்ணில் பட்டுவிடும். முன் குட்டிக்கரணத்தில் அப்படி இல்லை. முகவாயை நெஞ்சோடு ஒட்டிச் சுருண்டு போகிறோம். விரித்த பிறகும் கால்தான் தரையைத் தேடுகிறது, கண் அதைப் பார்க்கும்போது வேலை முடிந்திருக்கும். அரை நொடி முன்னால் விரித்தாலும் பின்னால் விரித்தாலும் முட்டி வாங்கிக்கொள்ளும். ஒரு தடவை அடிபட்ட உடம்புக்கு இதெல்லாம் மறக்காது. ஓட்டப் பாதையின் கோடியில் நிற்பேன், கையைத் தூக்குவேன், மூச்சு இழுப்பேன், கையைக் கீழே போட்டுவிடுவேன். எதிரே இருப்பது 125 சென்டிமீட்டர் டேபிள்தான். அது எனக்குச் சுவராகத் தெரிந்தது.

கோச் சார் என்னை வற்புறுத்தவில்லை. டேபிளுக்கு அந்தப்பக்கம் ஃபோம் பிட் இருந்தது. ஸ்பாஞ்சுக் கட்டிகளால் நிறைந்த குழி, அதில் விழுந்தால் என்ன ஆகிவிடும் என்று எல்லோரும் கேட்டார்கள். எனக்குத்தான் நம்பிக்கை வரவில்லை. ஒவ்வொரு தடவையும் ஓடுவதற்கு முன்னால் விளிம்பு வரை நடந்து போய்க் குனிந்து பார்த்துவிட்டு வருவேன். எதற்குப் பார்க்கிறேன் என்று எனக்கே அப்போது சரியாகத் தெரியாது. அந்த அண்ணனுக்குத் தெரிந்திருக்கிறது.

ஒருநாள் காலை ஹாலுக்குள் நுழைந்தால் பிட்டுக்குள் நெஞ்சளவுக்கு நின்றுகொண்டிருக்கிறார். மூக்கை மறைத்துத் துண்டு கட்டியிருக்கிறார், தலை முழுக்க ஸ்பாஞ்சுத் தூள். அடியில் கிடக்கும் கட்டிகளை ஒவ்வொன்றாகப் பிடுங்கி மேலே எறிகிறார். எல்லோரும் ஒரே இடத்தில் வந்து விழுவதால் அந்த இடம் மட்டும் நாளாக நாளாக அமுங்கிப்போகும். மேலே பார்த்தால் நிரம்பி இருப்பதுபோலத்தான் தெரியும், உள்ளே இறுகிக் கிடக்கும். ஓரங்களில் யாரும் விழாமல் உப்பலாக இருந்த கட்டிகளை நடுவில் தள்ளினார். நைந்துபோனதைத் தனியாக ஒதுக்கினார். கடைசியில் துடைப்பக் கட்டையைச் செங்குத்தாகக் குத்தி எவ்வளவு ஆழம் போகிறது என்று பார்த்தார். கட்டையில் சாக்பீஸால் ஒரு கோடு கூடப் போட்டு வைத்திருந்தார். அந்தக் கோடு மறைந்தால் சரி என்று கணக்கு.

அப்புறம் செய்ததுதான் என்னால் மறக்க முடியாதது. கஷ்டப்பட்டு மேலே ஏறி வந்து, "பாப்பா, இட்லி மாதிரி ஆக்கிட்டேன், பாரு" என்று சொல்லிவிட்டு, வால்ட் டேபிள்மேல் ஏறி உட்கார்ந்து, அப்படியே பொத்தென்று உள்ளே விழுந்தார். ஐம்பதைத் தாண்டிய மனிதர், காக்கிச் சட்டையோடு! வெளியே வர அவர் பட்ட பாட்டைப் பார்த்து மொத்த ஹாலும் சிரித்தது. நானும் சிரித்தேன். அந்த ஹாலுக்குள் நான் சிரித்து எவ்வளவோ நாளாகியிருந்தது. அன்றைக்கு நான் டேபிளைத் தொடக்கூட இல்லை, விளிம்பில் நின்று உருண்டு விழுந்தேன், அவ்வளவுதான். ஆனால் மறுநாளும் அவர் கிளறியிருந்தார், அதற்கடுத்த நாளும். யாரும் அவரிடம் சொல்லவில்லை. அது அவர் வேலைக் கணக்கிலும் வராது.

2021இல் டோக்கியோ ஒலிம்பிக்கில் அமெரிக்க ஜிம்னாஸ்ட் சிமோன் பைல்ஸுக்குக் காற்றில் எங்கே இருக்கிறோம் என்பதே பிடிபடாமல் போனபோது, ஜுன்டெண்டோ பல்கலைக்கழகம் தன் ஜிம்மைத் திறந்துவிட்டுத் தனியாகப் பழக இடம் கொடுத்தது. அந்த உதவிக்கு அவர் ஊரறிய நன்றி சொன்னார். பிறகு பீமில், அதாவது ஒடுங்கிய கட்டைமேல் நடக்கும் போட்டியில், உடம்பைத் திருகாமல் குட்டிக்கரணம் மட்டும் அடித்துக் கீழே இறங்கி வெண்கலம் வாங்கினார். அந்தச் செய்தியைப் படித்தபோது பதக்கத்தைத்தான் கவனித்தேன். இப்போது அந்த ஜிம் கதவை யார் திறந்திருப்பார்கள், மேட்டை யார் இழுத்துப் போட்டிருப்பார்கள் என்று யோசிக்கத் தோன்றுகிறது.

மற்றவர்களுக்கு வருகிறேன். சார், நீங்கள் என்னை ஆரம்பப் பாடத்துக்கே திரும்பக் கூட்டிப் போனீர்கள். உயரமாக அடுக்கிய மேட்மேல் முதுகு தட்டையாக விழுவது, மினி ட்ராம்பில் (குதித்தால் எம்பிவிடும் சின்ன வலை) வெறும் டக் (முட்டியை மடக்கிச் சுருள்வது), பிறகு பிட், பிறகு பிட்டுக்கு மேலேயே மேட், கடைசியில் தரையில் க்ராஷ் மேட் என்கிற தடித்த மெத்தை. ஒரு நேரத்தில் ஒன்றைத்தான் மாற்றுவீர்கள், அதுவும் முந்தையது எனக்குச் சலித்துப்போன பிறகுதான். "தைரியமா ஓடு" என்று ஒருமுறைகூடச் சொல்லாததற்குத் தனியாக ஒரு நன்றி. முட்டியைத் தேற்றிய ஃபிசியோ அக்கா, நான் இறங்கும் ஒவ்வொரு தடவையும் கை தட்டிய ஜூனியர் வாண்டுகள், வீடியோ எடுத்துக் கொடுத்த தோழிகள், பெஞ்சில் உட்கார்ந்து நான் ஓடும்போது மட்டும் கண்ணை மூடிக்கொண்ட அம்மா, எல்லோருக்கும் சேர்த்து ஒரு பெரிய நன்றி.

நம் இந்திய ஜிம்னாஸ்ட் தீபா கர்மாகர் 2016 ரியோ ஒலிம்பிக்கில் புரொடுனோவா என்கிற வால்ட்டைப் போட்டு, இரண்டு வால்ட்டின் சராசரியாக 15.066 வாங்கியதைப் பார்த்துத்தான் நான் வால்ட்மேல் ஆசைப்பட்டேன். அவர் நான்காவதாக வந்தது எனக்கு அன்றைக்கு ஒரு பொருட்டே இல்லை. அவர் போட்டது இரண்டு சுற்று, நான் போடுவது ஒன்று. இரண்டாவதைப் பற்றி யாரும் இப்போது கேட்காதீர்கள்.

பெசன்ட் நகர் மணலில் ரீல்ஸுக்காக ஃப்ரண்ட் ஃப்ளிப் அடிக்கும் தம்பிகளே, ஈர மணல் பார்க்கத்தான் மெத்து, இறங்கும்போது கல்லாக இடிக்கும். ஆசை இருந்தால் எங்கள் ஹாலுக்கு வாருங்கள். கொஞ்ச நாள் உருளத்தான் விடுவார்கள், பொறுத்துக்கொள்ளுங்கள்.

இனிமேல் சனிக்கிழமை காலையில் பிட்டைக் கிளறுவது ஜிம்னாஸ்ட்டுகள் வேலை என்று சீனியர்கள் நாங்கள் பேசி முடிவு பண்ணியிருக்கிறோம். பிராக்டிஸுக்கு முன்னால், மூக்குக்குத் துணியோடு வந்துவிடுங்கள். நான் இருக்கும்வரை ஒரு வாரமும் விடமாட்டேன். புது ஸ்பாஞ்சுக்குப் பணம் சேர்ப்பதும் என் பொறுப்பு. அண்ணன் நாற்காலி போட்டு உட்கார்ந்து மேற்பார்வை பார்த்தால் போதும் என்றேன். அவர் ஒத்துக்கொள்ளவில்லை. "உங்களுக்கெல்லாம் அடியிலேர்ந்து எடுக்கத் தெரியாது, மேலாக்கப் புரட்டிட்டுப் போயிடுவீங்க" என்கிறார்.