சோதனைச் சாவடியில் கண்ணாடியையும் பாருங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். மேட்டுப்பாளையத்திலிருந்து நீலகிரிக்கு ஏறும் குன்னூர், கோத்தகிரி மலைப்பாதைகள் இரண்டிலும் வெளியூர் வாகனங்கள் ஓரிடத்தில் நின்றுதான் மேலே வருகின்றன. சென்னை உயர் நீதிமன்ற உத்தரவின்படி 2024 மே 7 முதல் நடைமுறையில் இருக்கும் இ-பாஸைக் காட்ட வேண்டும். தடை செய்யப்பட்ட பிளாஸ்டிக் பொருள்கள் இருக்கின்றனவா என்ற சோதனைக்கும் வண்டியைத் திறந்துவிட வேண்டும். அந்த ஓரிரு நிமிடத்தோடு இன்னும் அரை நிமிடம் சேர்த்து, பக்கவாட்டுக் கண்ணாடிகள் விரிந்திருக்கின்றனவா, ஓட்டுநருக்குச் சாலை தெரியும்படி திருப்பப்பட்டிருக்கின்றனவா, பின்பக்கக் கண்ணாடியை மூட்டை முடிச்சுகள் மறைக்கின்றனவா என்றும் பார்த்து அனுப்ப வேண்டும் என்பதே, மாவட்ட நிர்வாகத்துக்கும் காவல் துறைக்கும் உங்கள் நாளிதழ் வழியாக நான் வைக்கும் கோரிக்கை.

இப்படிக் கேட்பதற்குக் காரணம் நானே செய்த ஒரு தவறு. சில ஆண்டுகளுக்கு முன் குன்னூரிலிருந்து இறங்கும்போது, பர்லியாறு பழக்கடைகளுக்கு முன்னால் காரை இடப்புறம் சரிவாக ஒதுக்கி நிறுத்தினேன். மங்குஸ்தான் வாங்கிக்கொண்டு ஏறி, இண்டிகேட்டர் போட்டு, வலப்பக்கக் கண்ணாடியைப் பார்த்தேன், சாலை காலியாகத் தெரிந்தது, வண்டியை எடுத்தேன். அடுத்த நொடி வலது முன்கதவில் ஓர் இருசக்கர வாகனம் மோதியது. பெட்ரோலை மிச்சப்படுத்த இன்ஜினை அணைத்துவிட்டு இறக்கத்தில் உருண்டு வரும் வழக்கம் இங்கே பலருக்கு உண்டு; அந்த இளைஞரும் அப்படித்தான் வந்தார், ஆகவே சத்தமும் கேட்கவில்லை. அவருடைய மணிக்கட்டு எலும்பு முறிந்தது. மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லும் வழியில், "அக்கா, கண்ணாடியில நீங்க பார்க்கிறது தெரிஞ்சுது, அதனால நிப்பீங்கன்னு நினைச்சேன்" என்று அவர் சொன்னது இன்றும் என் காதில் இருக்கிறது.

நான் பார்த்தது உண்மை. அவர் தெரியவில்லை என்பதும் உண்மை. வண்டியின் முகப்பு இடப்புறம் திரும்பி நின்றதால், வலப்பக்கக் கண்ணாடி காட்டியது சாலையின் எதிர் ஓரத்தை. எனக்கு நேர் பின்னால் இறங்கி வந்தவர், காருக்குள் நடுவில் இருக்கும் உள்கண்ணாடியில் தெரிந்திருக்க வேண்டும், ஆனால் பின்னிருக்கையில் மேற்கூரை வரை அடுக்கியிருந்த கம்பளிப் பைகள் அதை மறைத்துக்கொண்டிருந்தன. நான் கிளட்ச்சை விடும் நேரத்தில் அவர் எந்தக் கண்ணாடிக்கும் எட்டாத இடத்துக்கு, என் தோளுக்குச் சற்றுப் பின்னால், வந்துவிட்டார். ஓட்டுநர்கள் பிளைண்ட் ஸ்பாட் என்று சொல்லும் மறைவுப் பகுதி அதுதான். கிளம்புவதற்கு முன் ஒருமுறை தலையைத் திருப்பி வலது சன்னல் வழியாகப் பார்த்திருந்தால் போதும்.

அதன் பிறகுதான் கண்ணாடியை எப்படி வைத்துக்கொள்வது என்பதை நான் உண்மையாகக் கற்றுக்கொண்டேன் என்று சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது. அப்போது நான் உரிமம் வாங்கிப் பதினாறு ஆண்டுகள் ஆகியிருந்தன. நம்மில் பெரும்பாலோர் பக்கவாட்டுக் கண்ணாடியில் சொந்த வண்டியின் கதவு நன்றாகத் தெரியும்படி வைத்துக்கொள்கிறோம். அப்போது அது உள்கண்ணாடி ஏற்கெனவே காட்டும் சாலையையே மறுபடி காட்டுகிறது, பக்கத்துத் தடம் இருட்டாகிவிடுகிறது. ஜார்ஜ் பிளாட்சர் என்ற அமெரிக்கப் பொறியாளர் 1995இல் விளக்கிய முறை இதற்கு நேர்மாறானது. நம் ஊர் வண்டிக்கு ஏற்றபடி அதைச் சொல்வதானால், ஓட்டுநர் தலையை வலது சன்னலில் படும்வரை சாய்த்து, வண்டியின் பக்கவாட்டு விளிம்பு அப்போதுதான் கண்ணாடி ஓரத்தில் தெரியும் அளவுக்கு வலப்பக்கக் கண்ணாடியை வெளியே திருப்ப வேண்டும். பிறகு வண்டியின் நடுப்பகுதிக்கு, அதாவது கியர் கம்பிக்கு மேலே, தலையைச் சாய்த்து இடப்பக்கக் கண்ணாடியை அதேபோல வைக்க வேண்டும். நிமிர்ந்து உட்கார்ந்தால் சொந்த வண்டி தெரியாது. முதல் வாரம் ஏதோ தொலைந்துபோனதுபோல இருக்கும். ஆனால் முந்திவரும் வண்டி உள்கண்ணாடியிலிருந்து மறைவதற்குள் பக்கக் கண்ணாடிக்கு வந்துவிடும், அதிலிருந்து மறைவதற்குள் சன்னலோரம் நம் கடைக்கண்ணில் பட்டுவிடும்.

இந்த முறையை மலைப்பாதையில் அப்படியே கடைப்பிடிக்க முடியாது என்பது என் அனுபவம். வலப்பக்கத்துக்கு அது சரி. இடப்பக்கத்தில் நமக்குத் தார்ச்சாலையின் விளிம்பும், அதை ஒட்டிய மழைநீர்க் கால்வாயும், பின்சக்கரம் எங்கே போகிறது என்பதும் தெரிந்தாக வேண்டும்; எதிரே பேருந்து வந்து நாம் ஒதுங்கும்போது கால்வாய்க்குள் சக்கரத்தை இறக்கிவிடும் வெளியூர்க் கார்களைச் சீசனில் அடிக்கடி காண்கிறோம். ஆகவே இடப்பக்கக் கண்ணாடியை மட்டும் கொஞ்சம் உள்ளேயும் கீழேயும் வைத்துக்கொண்டு, அதனால் கூடும் மறைவுப் பகுதியைத் தலையைத் திருப்பி ஈடு செய்கிறேன். தலையைத் திருப்புவதிலும் அளவு உண்டு. மணிக்கு 30 கிலோமீட்டர் வேகத்தில் வண்டி ஒரு நொடியில் 8 மீட்டருக்கு மேல் போய்விடும். வளைவில் 8 மீட்டர் என்பது தடுப்புச் சுவரைத் தாண்டும் தூரம். பின்னிருக்கையைப் பார்க்கும் அளவுக்கு முழுதாகத் திரும்புவது இங்கே ஆகாது. நேரான பகுதியில், தோள்வரை ஒரு பார்வை, அவ்வளவே.

கொண்டை ஊசி வளைவுகளில் கண்ணாடி நம்மைக் கைவிடும் விதமே வேறு. குன்னூர் மலைப்பாதையில் 14 கொண்டை ஊசி வளைவுகள் இருக்கின்றன. ஊட்டியிலிருந்து மசினகுடிக்கு இறங்கும் கல்லட்டிப் பாதையில் 36. வளைவுக்குள் வண்டி திரும்பத் தொடங்கியதும் கண்ணாடிகள் சாலையை விட்டுவிட்டுப் பாறையையும் பள்ளத்தாக்கையும் மேகத்தையும் காட்டும். பின்னால் வந்துகொண்டிருந்த வண்டி போய்விட்டதாக நினைத்து, வளைவு முடிந்ததும் வலப்புறம் ஏறுகிறவர்கள் அதை அங்கேயே சந்திக்கிறார்கள். வளைவுக்குள் நுழையும் முன் ஒருமுறையும், வெளியேறி நேரானதும் ஒருமுறையும் பார்ப்பதுதான் வழி. வலப்புறம் திரும்பும் வளைவுகளில் முன்கண்ணாடியை ஒட்டிய தூண் வேறு ஒரு சிக்கல். மேலிருந்து இறங்கும் இருசக்கர வாகனம் முழுவதையும் அந்தத் தூண் மறைத்துவிடும். நாம் திரும்பத் திரும்ப அது தூணோடு சேர்ந்தே நகர்ந்தால் கடைசிவரை கண்ணில் படாது. தலையைக் கொஞ்சம் முன்னும் பின்னும் அசைத்துப் பார்க்கச் சொல்வார் என் அப்பா. ஊட்டியிலிருந்து மேட்டுப்பாளையம் மண்டிக்குக் காய்கறி லாரி ஓட்டியவர் அவர்.

அப்பாவின் லாரியில் இடப்பக்கக் கண்ணாடி என்று ஒன்று பெயருக்குத்தான் இருந்தது. அந்த வேலையைச் செய்தவர் கிளீனர். கதவில் தொங்கிக்கொண்டு, பின்சக்கரத்துக்கும் பாறைக்கும் எத்தனை விரற்கடை இருக்கிறது என்பதுவரை சொல்வார். அவர் "ரைட்" என்றால் வண்டி நகரும், "ஹோல்டான்" என்றால் நிற்கும். இன்று பச்சைத் தேயிலை ஏற்றும் வண்டியானாலும் கேரட் லாரியானாலும் பலவற்றில் ஓட்டுநர் ஒருவர் மட்டுமே இருக்கிறார். கிளீனர் போய்விட்டார், அவர் பார்த்துக்கொண்டிருந்த இடப்புறம் அப்படியே இருக்கிறது. அந்த இடைவெளியில்தான் இருசக்கர வாகனங்கள் நுழைகின்றன. இடப்புறம் திரும்ப வேண்டிய பேருந்தும் லாரியும் முதலில் வலப்புறம் ஒதுங்கும். அந்த இடைவெளியை வழிவிட்டதாக எண்ணி உள்ளே போகிறவர்கள், பின்சக்கரம் முன்சக்கரத்தின் தடத்தில் வராமல் உட்புறமாக வெட்டி வரும் என்பதை மறந்துவிடுகிறார்கள். பெரிய வண்டியின் கண்ணாடியில் ஓட்டுநரின் முகம் நமக்குத் தெரியாவிட்டால், நம்மையும் அவருக்குத் தெரியவில்லை என்று வைத்துக்கொள்ள வேண்டும். முகம் தெரிந்தால்கூட அவர் பார்த்துவிட்டார் என்று பொருளல்ல என்பதை, என் கதவில் மோதிய அந்தத் தம்பியிடமிருந்து நான் அறிந்துகொண்டேன்.

அழகு கெடுகிறது என்று கண்ணாடிகளைக் கழற்றிவிட்டு ஓட்டும் இளைஞர்களைப் பற்றி இங்கே புதிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. வாடகைக்கு விடப்படும் ஸ்கூட்டர்களில் கண்ணாடி இருக்கிறது, அது வானத்தைப் பார்த்துக்கொண்டிருக்கிறது. வண்டியைக் கொடுப்பவர் ஹெல்மெட்டோடு சேர்த்து அதையும் வாங்குபவரின் உயரத்துக்குத் திருப்பிக் கொடுக்கலாம். குன்னூர் பேருந்து நிலையம் அருகிலும் ஊட்டி கமர்ஷியல் சாலையிலும் நெரிசலுக்குப் பயந்து மடக்கிய கண்ணாடியை மடக்கியபடியே மலை இறங்கும் கார்களை வாரம் ஒன்றாவது பார்க்கிறேன்.

பனிமூட்டத்தையும் சாரலையும் பற்றி ஒரு வார்த்தை. முன்கண்ணாடிக்கு வைப்பர் இருக்கிறது, பக்கக் கண்ணாடிக்கு இல்லை. உருளைக்கிழங்கை வெட்டிக் கண்ணாடியில் தேய்த்தால் நீர் துளியாகத் தங்காது என்று பழைய ஓட்டுநர்கள் செய்வதுண்டு. ஊட்டியில் அதற்குப் பஞ்சமில்லை. எனக்கு உலர்ந்த பருத்தித் துணியே போதுமானதாக இருக்கிறது. இரவில் இறங்கும்போது பின்வண்டியின் வெளிச்சம் கண்ணைக் கூசினால் உள்கண்ணாடியின் அடியில் இருக்கும் சிறு நெம்புகோலை அசைத்தால் மங்கிவிடும். அதைத் தெரியாமல் கண்ணாடியையே மேல்நோக்கித் தள்ளிவிட்டு ஓட்டுகிறவர்கள் உண்டு.

கடைசியாக, வளைவுகளில் நெடுஞ்சாலைத் துறை நிறுத்தியுள்ள வட்டக் கண்ணாடிகள். அவை குவியாடிகள், அகலமாகக் காட்டும், அதனாலேயே வண்டியைச் சிறிதாக்கித் தொலைவில் இருப்பதுபோலவும் காட்டும். கார்களின் பக்கக் கண்ணாடியிலும் இதே எச்சரிக்கை ஆங்கிலத்தில் பொடி எழுத்தில் அச்சாகியிருக்கிறது. வளைவுக் கண்ணாடியில் வண்டி சிறிதாகத் தெரிந்தால் நேரமிருக்கிறது என்று நினைத்து வளைவுக்குள் நுழைந்துவிடாமல், ஏறிவரும் வண்டிக்கே முன்னுரிமை என்ற மலைச்சாலை விதிப்படி இறங்குகிறவர் நின்றுவிட வேண்டும். ஆனால் அந்தக் கண்ணாடி முதலில் தெரிய வேண்டுமே. நான் அன்றாடம் போகும் பாதையில் ஒன்றில் பாசி படர்ந்திருக்கிறது, ஒன்றில் சுவரொட்டி ஒட்டியிருக்கிறது, மூன்றாவது எதிலோ இடிபட்டுத் தேயிலைத் தோட்டத்தைக் காட்டிக்கொண்டு நிற்கிறது. சாலைப் பணியாளர்கள் கால்வாய் தூர்வாரும் நாளில் இவற்றையும் துடைத்து, ஓட்டுநரின் இருக்கை உயரத்திலிருந்து ஒருவர் பார்த்துச் சொல்ல, திருப்பி முடுக்கிவிட்டுப் போகலாம்.

சோதனைச் சாவடிக் கோரிக்கையில் ஒரு குறை இருப்பதை நானே ஒப்புக்கொள்கிறேன். டிஎன் 43 எண் கொண்ட எங்கள் உள்ளூர் வண்டிகளுக்கு இ-பாஸ் தேவையில்லை என்பதால் நாங்கள் நிற்காமலே போய்விடுவோம், பர்லியாறில் மோதியதோ அப்படிப்பட்ட ஒரு வண்டியின் கதவில்தான். ஆகவே கோடைச் சீசனில் குன்னூர் வழியாக ஏறி கோத்தகிரி வழியாக இறங்கும் ஒருவழிப் போக்குவரத்து தொடங்குவதற்கு முன், உள்ளூர் வண்டிகளுக்கும் ஓரிரு நாள் இந்தச் சோதனையை நடத்த வேண்டும். அபராதம் வேண்டாம், கண்ணாடியைத் திருப்பி வைத்துவிட்டு அனுப்பினால் போதும். என் வண்டியையும் நிறுத்தலாம்.

இப்படிக்கு,
வாசகி ஒருவர்,
கோத்தகிரி