போலீசுக்கு மேலே ஒரு பாதிரியார்

ஆசிரியருக்கு,

இங்கிலாந்தில் மக்களே ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுக்கும், காவல்துறையை மேற்பார்வை செய்யும் காவல் ஆணையர்களைப் பற்றிப் பேசினால், தெற்கு யார்க்‌ஷயரின் ஆலன் பில்லிங்ஸை விட்டுவிட முடியாது. அவர் ஆங்கிலிக்கன் பாதிரியார். ஒரு காலத்தில் ஷெஃபீல்டு மாநகராட்சியின் துணைத் தலைவர். அப்பகுதியின் ராதர்ஹாம் நகரில் சிறார்கள் பாலியல் கொடுமைக்கு ஆளானது பற்றிய அறிக்கையால் முந்தைய ஆணையர் பதவி விலக, 2014 அக்டோபரில் இடைத்தேர்தல் வந்தது; அதில் பில்லிங்ஸ் வென்றார். ஓட்டுப் போட வந்தவர்கள் 100க்கு 15 பேர்தான்! 1989இல் ஷெஃபீல்டின் ஹில்ஸ்பரோ கால்பந்து மைதானத்தில் நெரிசலில் ரசிகர்கள் இறந்தது பற்றிய விசாரணையின் தீர்ப்பு வந்த மறுநாளே, 2016 ஏப்ரல் 27 அன்று, மாவட்டக் காவல் தலைவரை இடைநீக்கம் செய்தார். அது சட்டத்துக்குப் புறம்பானது என்று மறு ஆண்டு உயர் நீதிமன்றம் சொல்லிவிட்டது. அவசரம்தான், ஆனாலும் அந்த நெரிசலில் இறந்த 96 பேரின் குடும்பங்கள் 27 ஆண்டுகள் காத்திருந்தன என்பதையும் நினைக்க வேண்டியிருக்கிறது. 2024 மே மாதம் அந்த ஆணையர் பொறுப்பு தெற்கு யார்க்‌ஷயர் மேயரிடம் போய்ச் சேர்ந்தது.

— ஒரு வாசகர், மதுரை