தம் கட்டும் பந்தயம்: விடுமுறைக்கு முன் ஒரு வேண்டுகோள்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

ஆண்டுத் தேர்வுகள் முடிந்து பள்ளிகள் விடுமுறை விடவிருக்கும் இவ்வேளையில், கிணறுகளிலும் வாய்க்கால்களிலும் பிள்ளைகள் தங்களுக்குள் கட்டிக்கொள்ளும் பந்தயங்களில் ஒன்றைப் பற்றித் தங்கள் நாளிதழின் வாயிலாகப் பெற்றோர்களிடம் பேச விரும்புகிறேன்.

மோட்டார் கொட்டகைக் கூரையிலிருந்து குதிப்பது, எதிர்ச்சுவரைத் தொட்டுத் திரும்புவது, அடிவரை முங்கி ஒரு பிடி மண்ணை அள்ளி வந்து சாட்சியாகக் காட்டுவது என்று, கொங்குப் பகுதியின் அகன்ற கிணறுகளில் நடக்கும் பந்தயங்கள் பல. மாங்காய்க்கும் குச்சி ஐஸுக்கும் கட்டப்படும் இவற்றால்தான் பயந்த பிள்ளைகள் பலர் நீச்சல் பழகினார்கள் என்பதால், பெரியவர் ஒருவர் கரையில் இருக்கும்வரை இவை அனைத்தையும் தடுக்க வேண்டும் என்று நான் சொல்லமாட்டேன். ஆனால் தண்ணீருக்குள் யார் அதிக நேரம் தம் கட்டுவது என்ற பந்தயம் மட்டும் அறவே கூடாது.

அது நன்றாக நீந்தத் தெரிந்த பிள்ளையையே பலி கொள்ளக்கூடியது. மூச்சு முட்டுகிறது என்ற உணர்வைப் பெரும்பாலும் உண்டாக்குவது உடலில் சேரும் கரியமில வாயுவே. முங்குவதற்கு முன் வேகவேகமாக மூச்சை இழுத்து விட்டால் கூடுதல் நேரம் தாக்குப்பிடிக்கலாம் என்று மூத்த பையன்கள் சின்னவர்களுக்குச் சொல்லிக்கொடுக்கிறார்கள். அப்படிச் செய்யும்போது கரியமில வாயு பெருமளவு வெளியேறிவிடுகிறது. பிராணவாயுவின் இருப்போ அந்த அளவுக்குக் கூடுவதில்லை. அதனால் பிராணவாயு தீர்ந்துகொண்டிருக்கும்போதும் மேலே வரவேண்டும் என்ற தவிப்பு எழாமல், பிள்ளை நீருக்குள்ளேயே நினைவிழந்துவிடுகிறான். கை கால் அடிப்பதில்லை, கூச்சல் இல்லை. கரையில் நின்று எண்ணுகிற தோழர்கள், அவன் ஜெயித்துக்கொண்டிருக்கிறான் என்று நம்பி எண்ணிக்கொண்டே இருக்கிறார்கள். மூளைக்குப் பிராணவாயு இல்லாமல் கழியும் ஒவ்வொரு நிமிடமும் உயிருக்கு ஆபத்தானது என்பது அந்தப் பிள்ளைகளுக்கு எப்படித் தெரியும்?

விபரீதம் நேர்ந்த பின்பும் வீட்டில் அடி விழும் என்ற பயத்தில் பிள்ளைகள் சொல்லாமல் ஒளிந்துகொள்வது உண்டு. இதற்கு நாமும் பொறுப்பு. "எது நடந்தாலும் முதலில் ஓடிவந்து சொல், அடிக்கமாட்டேன்" என்று ஒவ்வொரு தாயும் தகப்பனும் விடுமுறையின் முதல் நாளே சொல்லிவைக்க வேண்டும். மூழ்குபவனை மீட்க மற்றொரு பிள்ளை குதிக்காமல், கயிற்றையோ வேட்டியையோ வீசிப் பிடிக்கச் சொல்ல வேண்டும். பெரியவர்களைக் கூவி அழைக்க வேண்டும். கரையேற்றியவனைத் தலைகீழாகத் தூக்கிச் சுற்றுவதும் வயிற்றை அமுக்கித் தண்ணீர் எடுப்பதும் பயனற்றவை, நேரத்தை விழுங்குபவை. மூச்சு இல்லையென்றால் வாயோடு வாய் வைத்து மூச்சு ஊதி, மார்பை அழுத்தும் முதலுதவியை உடனே தொடங்கி, 108-ஐ அழைக்க வேண்டும்.

ஐக்கிய நாடுகள் பொதுச்சபை 2021-ஆம் ஆண்டு, ஜூலை 25-ஐ உலக நீரில் மூழ்குதல் தடுப்பு நாளாக அறிவித்தது. அந்த நாள் வரும்போது நம் கோடை விடுமுறை முடிந்து பள்ளிகள் திறந்து பல வாரங்கள் ஆகியிருக்கும். கிணற்றடியில் பிள்ளைகள் கூடுவது ஏப்ரலிலும் மே மாதத்திலும் ஆகையால், நம் மாநிலத்தில் இந்த விழிப்புணர்வு தேர்வு முடியும் வாரத்திலேயே நடந்தாக வேண்டும்.

பள்ளிக் கல்வித்துறை, கடைசி வேலைநாளின் காலை வழிபாட்டுக் கூட்டத்தில் பத்து நிமிடம் ஒதுக்கி, தம் கட்டும் பந்தயத்தின் ஆபத்தை உடற்கல்வி ஆசிரியர்களைக் கொண்டு விளக்கச் செய்யுமாறும், தீயணைப்புத் துறையினர் ஊர்தோறும் முதலுதவியைச் செய்து காட்டுமாறும் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற உடற்கல்வி ஆசிரியர் ஒருவர்,
நாமக்கல் மாவட்டம்.