படகு வயர்லெஸ்: ஆன்டெனாவையும் கேபிளையும் பாருங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

விசைப்படகுகளின் விஎச்எப் (மிக உயர் அதிர்வெண்) வயர்லெஸ் பற்றிய உங்கள் கட்டுரையைப் படித்தேன். கரையோடு பேச முடியாமல் போவதற்கு செட்டின் வாட் போதாததுதான் காரணம் என்கிறது கட்டுரை. துறைமுகத்தில் இந்த செட்டுகளைப் பழுது பார்ப்பவன் நான். என்னால் அதை ஏற்க முடியவில்லை.

கடல் விஎச்எப்பில் நிலையாகப் பொருத்தும் செட்டுக்கு உச்ச அளவே 25 வாட்தான். அது தாராளமாகப் போதும். இந்த அலைகள் ஏறக்குறைய நேர்கோட்டில் போகின்றன. அதனால் தூரத்தைத் தீர்மானிப்பது ஆன்டெனாவின் உயரம். நீர்மட்டத்திலிருந்து 4 மீட்டர் உயரத்தில் ஆன்டெனா வைத்த இரண்டு படகுகள் சுமார் 16 கிலோமீட்டர் வரை பேசிக்கொள்ளலாம். இரண்டிலும் 9 மீட்டருக்கு ஏற்றினால் 24 கிலோமீட்டருக்கு மேல் எட்டும்.

அப்புறம் நீளம். ஆபத்துக்கால சேனல் 16-இன் அதிர்வெண் 156.8 மெகாஹெர்ட்ஸ். 300-ஐ அதனால் வகுத்தால் அலைநீளம் கிடைக்கும்: 1.91 மீட்டர். ஆன்டெனா கம்பியை இந்தக் கணக்கை வைத்துத்தான் வெட்டுகிறார்கள். உடைந்த ஆன்டெனாவுக்குப் பதில் கையில் கிடைத்த கம்பியைச் செருகினால், அனுப்பும் சக்தி கேபிள் வழியே திரும்பி வரும். இப்படித் திரும்பி வருவதை அளக்கும் எஸ்டபிள்யூஆர் மீட்டர் 3 காட்டினால் கால் பங்கு திரும்புகிறது என்று அர்த்தம்.

கேபிள்தான் பெரிய வில்லங்கம். மெல்லிய ஆர்ஜி-58 கேபிள் புதிதாக இருந்தாலும், 15 மீட்டர் ஓடுவதற்குள் ஏறக்குறைய பாதி சக்தியைத் தின்றுவிடும். உயரத்தில் ஏற்றுபவர்கள் ஆர்ஜி-213 போன்ற தடித்த கேபிளைத்தான் போட வேண்டும். கனெக்டர் வழியே உப்புத் தண்ணீர் இறங்கிவிட்டால் உள்ளே செம்புப் பின்னல் பச்சை பூத்துவிடும். அந்த நிலையில் மீட்டரையும் நம்ப முடியாது. போகும் சக்தியையும் திரும்பும் சக்தியையும் கேபிளே விழுங்கிவிடுவதால், செட் பக்கம் வைத்துப் பார்த்தால் எல்லாம் சரியாக இருப்பதுபோலக் காட்டும். மேல் முனையை வெட்டிப் பின்னலின் நிறத்தைப் பார்த்தால் உடனே தெரிந்துவிடும். செட் போய்விட்டது என்று என்னிடம் கொண்டுவருவதில் பலவற்றில் செட் நன்றாகவே இருக்கும்.

மானியத்தில் செட் கொடுக்கும்போது தடித்த கேபிளும் தண்ணீர் புகாத கனெக்டரும் சேர்த்தே கொடுக்க வேண்டும். கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் 61 நாள் தடைக்காலத்தில் விசைப்படகுகள் எல்லாம் கரையில்தான் நிற்கின்றன. மீன்வளத் துறை அப்போதே ஒவ்வொரு படகின் ஆன்டெனாவையும் கேபிளையும் சோதித்துத் தர ஏற்பாடு செய்யலாமே.

இப்படிக்கு,
வயர்லெஸ் மெக்கானிக், நாகப்பட்டினம்