குட்டை வெட்டுமுன் வடிகாலைப் பாருங்கள்

ஆசிரியருக்கு வணக்கம்.

கோடை மழை பிடிப்பதற்குள் தோட்ட வேலைகளை முடிக்க நீலகிரியில் பலரும் மண்வெட்டி எடுக்கும் நேரம் இது. தட்டானும் தவளையும் வரட்டும் என்று வீட்டருகே சின்னக் குட்டை வெட்ட நினைப்பவர்களுக்குச் சமவெளிச் செய்முறை அப்படியே பொருந்தாது. அங்கே நிரம்பிய நீர் பரவி நிற்கும். இங்கே கீழ்வீட்டுத் தடுப்புச்சுவருக்குப் பின்னால் போய் இறங்கும். 2009 நவம்பர் மண்சரிவைக் கண்ட மாவட்டத்துக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

ஆகவே, வழியும் நீர் எங்கே போய்ச் சேரும் என்பதை முதலில் முடிவு செய்யுங்கள். நீர்மட்ட உயரத்தில் இரண்டு அங்குல பிவிசி குழாய் பதித்து, கல் பாவிய வாய்க்கால் வழியாக, ஏற்கெனவே இருக்கும் மழைநீர் வடிகாலில் விடலாம். குழாய் வாயில் வலை கட்டாவிட்டால் முதல் காற்றிலேயே இலை அடைத்துக்கொள்ளும். மேல்பக்கம் வெட்டிய மண்ணைக் கீழ்ப்பக்கம் கொட்டிக் கரை எழுப்புவதுதான் இங்கே அடிக்கடி நடக்கும் தவறு. கொட்டிய மண் மழையில் அமுங்கும், கரை ஒருபக்கம் தாழும், நீர் குட்டைக்குள் விரிக்கும் பிளாஸ்டிக் ஷீட்டுக்கு அடியில் புகுந்து அரிக்கும். குழி முழுவதும் அசையாத மண்ணுக்குள் இருக்க வேண்டும். விளிம்பைக் கண்ணால் மதிப்பிடாமல் கொத்தனார் மட்டம் பார்க்கும் ட்யூப் லெவலால் (நீர் நிரப்பிய குழாய்) பாருங்கள். தடுப்புச்சுவரை ஒட்டி மட்டும் வேண்டவே வேண்டாம்.

8 அடி நீளம், 6 அடி அகலம், நடுவில் 2 அடி ஆழம் போதும். ஊட்டியின் உறைபனிக்கும் இந்த ஆழம் தாங்கும். ஒருபக்கம் முக்கால் அடி ஆழத்தில் செடிகளுக்கு ஒரு படி விடுங்கள். எதிர்ப்பக்கம் நடந்து ஏறும் அளவுக்குச் சரிவாக இருக்கட்டும். செங்குத்தான ஓரத்தில் மூஞ்சூறும் குஞ்சுப் பறவையும் விழுந்தால் ஏற முடியாமல் சாகும். இந்த அளவுக்கு ஷீட் 14 அடிக்கு 12 அடி வேண்டும்: நீளம், அகலம் இரண்டோடும் ஆழத்தின் இருமடங்கும், கரைக்கு இருபுறமும் ஓரடியும் சேர்க்க வேண்டும். பண்ணைக்குட்டைக்கு விற்கும் 500 மைக்ரான் ஷீட்டை ஒட்டுப்போடாத ஒரே துண்டாக வாங்குங்கள். நீலத் தார்ப்பாய் மலை வெயிலில் வெடித்துவிடும். அடியில் இரண்டு அங்குலம் மணலும் அதன்மேல் பழைய செயற்கை இழைக் கம்பளியும். சணல் சாக்கு மக்கிவிடும். ஷீட்டை இழுத்துக் கட்டாமல் தளர விரித்து நீர் விட்டால் அது தானே படியும். ஓரத்தை நிரம்பிய பிறகே வெட்டுங்கள்.

சிமெண்ட் தொட்டி என்றால் சுண்ணாம்புக் காரம் போகும்வரை பலமுறை நிரப்பி இறைக்க வேண்டும். குழாய்த் தண்ணீர் விட்டால் இரண்டு நாள் குளோரின் ஆறட்டும். மழைநீரே மேல். மேலே கேரட், உருளைக்கிழங்குக் காடு இருந்தால் உர நீர் இறங்காதபடி குறுக்கே ஒரு தடுப்பு வாய்க்கால் வெட்டுங்கள். இல்லையேல் பாசி மூடிவிடும்.

மீன் விடாதீர்கள். கொசுவுக்காகக் கம்பூசியா, கப்பி விடச் சொல்வார்கள். அவை தவளை முட்டையையும் தலைப்பிரட்டையையும் சேர்த்தே தின்னும். தட்டான் குஞ்சுகள் பெருகினால் கொசுப்புழுவைத் தின்றுவிடும். அதுவரை கொசுப்புழுவைக் கொல்லும் பிடிஐ (Bti) பாக்டீரியா மருந்து போதும். தவளையைப் பிடித்து வந்து விடவும் வேண்டாம், தானே வரும். மழை இரவில் புதரில் ‘டிக் டிக்’ என்னும் புதர்த்தவளைகளில் பலவற்றுக்குத் தலைப்பிரட்டைப் பருவமே கிடையாது. அவற்றுக்குத் தேவை குட்டை அல்ல, நீங்கள் பெருக்கித் தள்ளும் ஈரச் சருகுதான்.

செடிகளில் கோரை, வல்லாரை, வேலம்பாசி போதும். ஆகாயத்தாமரையும், நம் சதுப்புகளில் ஏற்கெனவே பரவிவிட்ட தென்னாப்பிரிக்கக் காலா லில்லியும் எவ்வளவு அழகானாலும் கூடாது.

காட்டெருமை தினமும் வந்துபோகும் வீடுகளில் இந்த வேலையே வேண்டாம் என்பேன். ஒரு குளம்பு பட்டால் ஷீட் கிழியும். கோடையில் அது தண்ணீருக்காக வாசலுக்கே வந்து நிற்கும். குழந்தைகள் உள்ள வீட்டில் நீர்மட்டத்துக்கு மேலே உறுதியான கம்பிவலை கட்டாயம்.

தோட்டக்கலைத் துறை குன்னூர் சிம்ஸ் பூங்காவில் இப்படியொரு மாதிரிக் குட்டையை அமைத்து, உள்ளூர் சதுப்புச் செடிகளின் நாற்றுகளையும் அங்கேயே விற்கலாம். கடையில் எளிதாகக் கிடைப்பது அயல்செடிதான் என்றால் மக்கள் அதைத்தான் வாங்குவார்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
கோத்தகிரி