கல்லடைப்பு என்றே நினைத்தோம்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

குறுவை அறுப்பு முடிந்த கையோடு எங்கள் பெரியப்பாவுக்கு முதுகுவலி வந்தது. வயது 71, இளவட்டத்திலிருந்தே பீடி. வரப்பு வெட்டிய வலிதான் என்று தைலம் தேய்த்தோம், அப்புறம் விலாவுக்குக் கீழே சுருட்டிப் பிடிக்கவும் கல்லடைப்பாக இருக்கும் என்று வாழைத்தண்டுச் சாறு கொடுத்தோம். காட்டிய இடத்திலும் கல் என்று சொல்லி ஊசி போட்டு அனுப்பிவிட்டார்கள், ஸ்கேன் எடுக்கவில்லை. மறுநாள் விடியற்காலை மயங்கி விழுந்தவரை வடுவூர் வழியாகத் தஞ்சாவூருக்குத் தூக்கிக்கொண்டு ஓடினோம். உயிர் இருந்தது. ஆனால் ஸ்கேனில் வயிற்றுக்குள் எல்லாம் ரத்தம்; கல் இல்லை, பெருந்தமனி வெடித்திருந்தது. ஆபரேஷன் தியேட்டருக்குள் கொண்டுபோவதற்குள் முடிந்துவிட்டது.

பெருந்தமனி என்பது இதயத்திலிருந்து முதுகெலும்பை ஒட்டி வயிற்றுக்குள் இறங்கும் பெரிய ரத்தக்குழாய்; வயிற்றுப் பகுதியில் அது சாதாரணமாக 2 செ.மீ. அகலம் இருக்குமாம். சுவர் பலவீனப்பட்டு, பழைய சைக்கிள் டியூப் ஓரிடத்தில் உப்புகிற மாதிரி 3 செ.மீ. ஆகிவிட்டால் அது அனியூரிசம். பெரும்பாலும் வலியே இருக்காது. வெடித்துவிட்டால் பத்தில் எட்டுப் பேர் பிழைப்பதில்லை. புகையிலைப் புகைதான் முதல் காரணம், ரத்தக்கொதிப்பும் சேர்ந்துகொள்ளும், கூடப்பிறந்தவருக்கு இருந்தால் இன்னும் கவனம் வேண்டும் என்று டாக்டர் சொன்னதால் என் அப்பாவுக்கும் ஸ்கேன் எடுத்தோம். 4.1 செ.மீ.! ஒரு வலி கிடையாது, போன மாதம்தான் முகாமில் ஈசிஜி எடுத்து நன்றாக இருக்கிறது என்று வந்திருந்தார். ஈசிஜியிலும் ரத்தப் பரிசோதனையிலும் இது தெரியாது என்பதே எங்களுக்கு அன்றைக்குத்தான் தெரியும்.

ஆண்களுக்கு 5.5 செ.மீ. தொட்டால்தான் பொதுவாக ஆபரேஷன், வயிற்றைத் திறந்தோ தொடை வழியாக ஸ்டென்ட் செலுத்தியோ செய்வார்கள். அதுவரை அப்பாவுக்கு வருஷம் ஒரு ஸ்கேன், பிரஷர் மாத்திரை, கொழுப்பு மாத்திரை. பீடியை விட்டுவிட்டார், சிரமப்பட்டுத்தான் விட்டார்.

இங்கிலாந்தில் ஆண்களுக்கு 65 வயதானால் ஒரு முறை கூப்பிட்டு இந்த ஸ்கேன் எடுக்கிறார்கள். வயிற்றின் மேல் ஜெல் தடவிப் பார்க்கும் சாதாரண அல்ட்ராசவுண்டுதான், சில நிமிஷ வேலை. நம் ஊரில் 'மக்களைத் தேடி மருத்துவம்' ஊழியர்கள் வீட்டுக்கே வந்து பிரஷரும் சர்க்கரையும் பார்க்கிறார்கள். 65 வயது தாண்டிய ஆண்களிடம், புகைத்தது உண்டா, எப்போதாவது வயிற்று ஸ்கேன் எடுத்தீர்களா என்று அவர்களே கேட்டு, எடுக்காதவர்களுக்கு அரசு மருத்துவமனைக்கு ஒரு சீட்டு எழுதிக் கொடுக்கச் சுகாதாரத் துறை ஏற்பாடு செய்ய வேண்டும். எங்கள் தெருவில் மட்டும் அப்படி ஒன்பது பேர் இருக்கிறார்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகி, மன்னார்குடி