மெஷின் கொடுக்கிறீர்கள், கிளாம்ப் எங்கே?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

உங்கள் நாளிதழின் மாவட்டப் பக்கத்தில் இலவச வெல்டிங் பயிற்சி, சுயதொழில் கடன் என்று அறிவிப்பு வந்தால் ஒரு வரி விடாமல் படித்துவிடுவேன். காவேரிப்பட்டணத்தில் சின்னதாக வெல்டிங் பட்டறை வைத்திருக்கிறேன். கேட், கிரில், டிராக்டர் டிப்பர், கொத்துக் கலப்பை என்று எது வந்தாலும் செய்வோம். பயிற்சி முடித்துவிட்டு வேலை கேட்டு வருகிற பையன்களையும், கடன் வாங்கிப் பட்டறை போடலாம் என்று கொட்டேஷனைக் கையில் வைத்துக்கொண்டு யோசனை கேட்க வருகிறவர்களையும் வருஷக்கணக்காகப் பார்க்கிறேன். அந்தக் கொட்டேஷனில் வெல்டிங் மெஷின் இருக்கும், கட்டிங் மெஷின், கை கிரைண்டர், டிரில், கேபிள், ராடு பெட்டி வரைக்கும் இருக்கும். வேலையைப் பிடித்து நிறுத்துகிற கிளாம்ப் மட்டும் இருக்காது. என்னிடம் வந்த ஒரு கொட்டேஷனில்கூட நான் அதைப் பார்த்ததில்லை. அதற்காகத்தான் எழுதுகிறேன்.

வெல்டிங் வைக்கிறவனுக்கு இருப்பது இரண்டு கை. ஒன்றில் வெல்டிங் ராடைப் பிடிக்கிற ஹோல்டர், இன்னொன்றில் முகத்துக்கு முன்னால் பிடிக்கிற கறுப்புக் கைக்கண்ணாடி. அப்புறம் ஆங்கிளை, அதாவது எல் வடிவ இரும்பை, யார் பிடிப்பது? ஹெல்ப்பர் இருந்தால் அவன் பிடிப்பான், இல்லையென்றால் கண்ணாடியைக் கீழே வைத்துவிட்டு, இடது கையால் ஆங்கிளை அழுத்திப் பிடித்து, முகத்தைத் திருப்பிக் கண்ணை இறுக்க மூடிக்கொண்டு ஒரு டேக் வைப்பார்கள், அதாவது நகராமல் இருக்க ஒரு சின்னப் பொட்டு வெல்டிங். ஹெல்ப்பர் இருந்தாலும் அவன் கதி இதேதான். இரண்டு கையும் மூலைமட்டத்தையும் பைப்பையும் பிடித்திருக்கும், அவனுக்குக் கண்ணாடியும் கிடையாது, கழுத்தை மட்டும் அந்தப் பக்கம் திருப்பிக்கொள்வான். ஒரு பெரிய கேட்டுக்கு நூறு டேக் என்றால் நூறு தடவையும் இப்படித்தான்.

ராத்திரிதான் தெரியும். கண்ணுக்குள் மணலை அள்ளிப் போட்ட மாதிரி உறுத்தும், திறக்க முடியாது, தண்ணீராக ஊற்றும். வெல்டிங் வெளிச்சத்தில் இருக்கிற புற ஊதாக் கதிர் கருவிழியின் மேல்தோலைச் சுட்டுவிடுவதால் வருவது இது. வெளிச்சம் பட்ட உடனே வலிக்காது, பல மணி நேரம் கழித்துத்தான் ஆரம்பிக்கும். அதனால் பகலில் கண்ணை மூடி வைத்த அந்த டேக்குகளையும் ராத்திரி வலியையும் பையன்கள் சேர்த்துப் பார்ப்பதே இல்லை. வீட்டில் உருளைக்கிழங்கை நறுக்கிக் கண்மேல் வைப்பார்கள், பக்கத்து வீட்டில் தாய்ப்பால் கேட்டு வாங்கி வந்து கண்ணில் விடுவார்கள். எனக்கும் விட்டிருக்கிறார்கள். வேலை பழகிய முதல் வருஷம் எத்தனையோ ராத்திரி ஈரத்துணியைக் கண்மேல் போட்டுக்கொண்டு திண்ணையில் உட்கார்ந்திருக்கிறேன், எங்கள் அம்மாவும் தூங்காமல் பக்கத்திலேயே இருப்பார்.

கண்ணாடி போடு, கண்ணாடி போடு என்று எல்லோரும் சொல்கிறார்கள். கண்ணாடியைப் பிடிக்கக் கை வேண்டுமே. தலையில் மாட்டுகிற ஹெல்மெட் நல்லதுதான், வாங்க முடிந்தவர்கள் கட்டாயம் வாங்க வேண்டும், ஆனால் எதிரே பிடித்துக்கொண்டு நிற்கிற ஹெல்ப்பருக்கும் ஒன்று வாங்கித் தருகிற முதலாளியை நான் அதிகம் பார்த்ததில்லை. சி எழுத்து வடிவில் இருந்து, திருகி இறுக்குகிற ஒரு ஆறு அங்குல சி கிளாம்ப் இருந்தால் அந்த ஹெல்ப்பர் அங்கே நிற்கவே வேண்டாம். சாதாரணக் கிளாம்ப் ஒன்று ஒரு மூட்டை சிமெண்ட் விலையை ஒட்டித்தான் வரும்.

கண் மட்டும் இல்லை. ராடு பற்றுவதற்கு முன்னால் ஹோல்டர் முனையில் அறுபது எழுபது வோல்ட் நிற்கும். சித்திரை வெயிலில் வியர்த்து நனைந்த கையோடு இரும்பைக் கட்டிப்பிடித்துக்கொண்டு வேலை செய்வது எவ்வளவு ஆபத்து என்று தனியாகச் சொல்ல வேண்டியதில்லை. நான் பழகிய பட்டறையில் ஒரு ஷெட்டுக்கு டிரஸ் என்கிற கூரைச் சட்டம் கட்டும்போது, கையால் பிடித்து ஒரே ஒரு டேக் வைத்த சேனல் (ப வடிவ இரும்பு), அடுத்த பக்கம் தட்டும்போது டேக் விட்டு என் கூட வேலை செய்த பையன் காலில் விழுந்தது. ஹவாய் செருப்புதான் போட்டிருந்தான். பெருவிரல் நசுங்கிவிட்டது. இன்றைக்கும் அவன் நடையில் அது தெரிகிறது.

சரி, வேலையின் தரத்துக்கு வருகிறேன். வெல்டிங் இழுத்துடுச்சு என்று எங்கள் ஆட்கள் சொல்வோம். சூடான இடம் விரியப் பார்க்கும், சுற்றிலும் இருக்கிற குளிர்ந்த இரும்பு விரிய விடாது, அதனால் அந்த இடம் தனக்குள்ளேயே நசுங்கும், அப்புறம் ஆறும்போது முன்னால் இருந்ததைவிடக் குறுகிப்போய்ப் பக்கத்தில் இருப்பதையும் சேர்த்து இழுக்கும். ஒரு மீட்டர் இரும்பு நூறு டிகிரி சூடு ஏறினால் சுமார் 1.2 மில்லிமீட்டர் நீளும், பற்றவைக்கிற இடமோ உருகுகிற அளவுக்கு, அதாவது 1500 டிகிரியை ஒட்டிப் போகிறது. இந்த இழுப்பைக் கையால் பிடித்து நிறுத்த எந்தப் பலசாலியாலும் முடியாது.

பட்டறை போட்ட புதிதில் ஒரு மாந்தோப்புக்கு இரட்டைக் கதவு கேட் செய்தேன். கதவு ஒன்று ஆறடி அகலம், ஸ்கொயர் பைப் சட்டம், ஒரு பக்கம் தகடு. மறுநாள் காலையில் மாட்டியாக வேண்டும் என்ற அவசரத்தில், தரையில் போட்டு, எதனாலும் கட்டாமல், ஒரு முனையில் ஆரம்பித்து மறு முனை வரை ஒரே மூச்சில் வைத்துக்கொண்டு போய்விட்டேன். பார்க்க வெல்டிங் அழகாகத்தான் இருந்தது. தோப்பில் கொண்டுபோய் மாட்டினால் ஒரு கதவின் அடி மூலை உள்ளே போகிறது, மற்றதன் மூலை இரண்டு விரற்கடை வெளியே நிற்கிறது, நடுவில் தகடு வயிறு தள்ளியிருக்கிறது. தோப்புக்காரர் நல்ல மனுஷர், “ஏம்ப்பா, பூட்டினாலும் ஆடு பூந்துடும் போல இருக்கே” என்று மட்டும் சொன்னார். திரும்ப எடுத்து வந்து, தகட்டை அறுத்து, சட்டத்தைச் சூடு காட்டி அடித்து நேராக்கி, மறுபடி வைக்க மூன்று நாள் ஆனது. அந்த மூன்று நாள் கூலியில் பத்து கிளாம்ப் வாங்கியிருக்கலாம்.

இதில் எனக்கு இன்னும் வருத்தம் என்னவென்றால், அந்தத் தப்பைச் செய்யும்போது நான் ஒன்றும் தெரியாதவன் இல்லை. அதற்கு முன்னால் ஓசூரில் வண்டிகளுக்குப் பாகம் செய்து கொடுக்கிற ஒரு கம்பெனியில் சில வருஷம் இருந்தேன். அங்கே ஒரு பிராக்கெட்டைக்கூட யாரும் கையில் பிடித்து வெல்டிங் வைக்க மாட்டார்கள். எல்லாவற்றுக்கும் ஃபிக்சர், அதாவது பாகத்தை ஒரே இடத்தில் உட்காரவைத்துப் பிடிக்கிற அமைப்பு. பாகத்தின் அடியில் மூன்று இடத்தில் தாங்கல், பக்கவாட்டில் இரண்டு, முனையில் ஒன்று, ஆக ஆறு புள்ளி. அந்த ஆறிலும் ஒட்டி உட்கார்ந்தால் பாகம் வேறு எங்கேயும் நகர வழியில்லை. மேலே டாகிள் கிளாம்ப் வந்து அழுத்தும். அதன் கைப்பிடியைத் தள்ளினால் உள்ளே இருக்கிற மூன்று ஆணியும் ஒரே நேர்கோட்டுக்கு வந்து, கோட்டை லேசாகத் தாண்டிப் பூட்டிக்கொள்ளும், கீழேயிருந்து பாகம் எவ்வளவு முட்டினாலும் கைப்பிடி தானாகத் திறக்காது. திறக்க வேண்டுமென்றால் ஒரு சுண்டு போதும். புதிதாகச் சேர்ந்த பையனும் பத்து வருஷ ஆளும் அதில் ஒரே அளவில்தான் பாகம் எடுப்பார்கள்.

ஓசூர் வேறு நாட்டில் இல்லை, எங்கள் மாவட்டத்திலேயே இருக்கிறது. 2004ல் மாவட்டம் பிரிவதற்கு முன்னால் தருமபுரியும் இதே மாவட்டம்தான். ஓசூரில் ஆயிரக்கணக்கான பாகங்களைக் கிளாம்பில் பிடித்துச் செய்கிறார்கள், அங்கிருந்து பஸ் ஏறி வந்தால் பாலக்கோட்டிலும் காரிமங்கலத்திலும் பென்னாகரத்திலும் பையன்கள் காலால் மிதித்துப் பிடித்து வெல்டிங் வைக்கிறார்கள். அந்த வித்தை ஏன் இந்தப் பட்டறைகளுக்கு வந்து சேரவில்லை என்று நான் அடிக்கடி யோசிப்பேன். நானே அங்கிருந்து வந்து என் பட்டறையில் அதைச் செய்ய ஒரு கேட் கெட்டுப்போக வேண்டியிருந்தது. அங்கே ஃபிக்சர் என்பது கம்பெனி சொத்து, நாம் பாகத்தை வைத்து எடுக்கிறவர்கள்தான் என்ற நினைப்பில் இருந்துவிட்டேன், அதை நாமே செய்யலாம் என்று தோன்றவில்லை.

செய்யலாம். ஒரு சேனல் துண்டு, பெரிய போல்ட் ஒன்று, அதற்கு இரண்டு நட்டு இருந்தால் ஒரு மணி நேரத்தில் சி கிளாம்ப் ரெடி. மேஜை மேல் ஒரு ஆங்கிள் துண்டை டேக் வைத்து, அதற்கும் வேலைக்கும் நடுவில் இரும்பு ஆப்பு அடித்தால் எவ்வளவு பெரிய சட்டமும் அசையாது, முடிந்ததும் டேக்கைத் தட்டி எடுத்துவிடலாம். அழுத்தினால் பூட்டிக்கொள்கிற கிரிப் பிளையர் இருக்கிறதே, அதைக் கண்டுபிடித்தவரும் ஒரு கொல்லர்தான். அமெரிக்காவில் நெப்ராஸ்கா மாநிலத்தில் டிவிட் என்ற சின்ன ஊரில் பட்டறை வைத்திருந்த வில்லியம் பீட்டர்சன், 1924ல் கைப்பிடி பூட்டிக்கொள்கிற மாதிரி அதை அமைத்தார். நம் ஊர் ஆசாரிகளும் குறட்டின் காலில் வளையத்தை மாட்டி இறுக்கி, பழுத்த இரும்பைப் பிடித்திருக்கிறார்கள். பிடிப்பதற்குக் கருவி வேண்டும் என்பது பழைய கொல்லர்கள் எல்லோருக்கும் தெரிந்திருக்கிறது, கரண்ட் வெல்டிங் வந்த பிறகு நாம்தான் விட்டுவிட்டோம்.

பையன்கள் யாராவது இதைப் படித்தால் அவர்களுக்காகக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். நான் சொல்கிற கிளாம்ப் வேறு, மெஷினுக்குக் கரண்ட் திரும்பிப் போகிற கேபிளை இரும்பில் மாட்டுகிற எர்த் கிளாம்ப் வேறு. எர்த்தை வெல்டிங் வைக்கிற இடத்துக்குப் பக்கத்திலேயே, வேலையின் மேலேயே மாட்டுங்கள், இல்லையென்றால் கரண்ட் சி கிளாம்பின் மரை வழியாகப் போய் மரையே பற்றிக்கொள்ளும். செம்பு பூசிய மரை உள்ள கிளாம்ப் கிடைத்தால் பொறி அதில் லேசில் ஒட்டாது. காந்த முக்கோணம் மூலை பிடிக்க அருமையானது, ஆனால் டேக்கோடு அதை எடுத்துவிட வேண்டும். டிசி மெஷினில் காந்தத்துக்குப் பக்கத்தில் வைத்தால் நெருப்பு ஒரு பக்கமாக இழுத்துக்கொண்டு ஓடும், சூடு ஏறினால் காந்தமும் பலம் இழந்துவிடும். முழு வெல்டிங்குக்கு முன்னால் மூலைக்கு மூலை குறுக்கு அளவு இரண்டும் ஒன்றாக இருக்கிறதா என்று டேப் வைத்துப் பாருங்கள். கொஞ்சம் இங்கே, கொஞ்சம் எதிர்ப்பக்கம் என்று மாற்றி மாற்றி வையுங்கள். ஒரே மாதிரி இரண்டு கதவு என்றால் முதுகோடு முதுகு சேர்த்துக் கட்டி வைத்தால் ஒன்றின் இழுப்பை மற்றது தாங்கும்.

கிளாம்ப் போட்டால் இழுப்பே இருக்காது என்று நான் சொல்லவில்லை. கழற்றினதும் கொஞ்சம் திரும்பும், அதற்கு முன்கூட்டியே இரண்டு மூன்று டிகிரி எதிர்ப்பக்கம் சாய்த்து வைக்கிற பழக்கம் கைக்கு வர வேண்டும். கார்பன் அதிகமான கெட்டி இரும்பை அசையவே விடாமல் இறுக்கினால் ஆறும்போது விரிசல் விடும், அதற்கு முன்சூடு காட்டி, மெதுவாக ஆறவிட வேண்டும். எங்கள் பக்கம் மாம்பழக் கூழ் ஆலை வேலைக்கு ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் அதிகம் வரும். அது சாதாரண இரும்பைவிட ஏறக்குறைய ஒன்றரை மடங்கு விரியும், சூட்டையும் சீக்கிரம் கடத்தாது, வைத்த இடத்திலேயே சூடு தங்கி மெல்லிய தகட்டை அலை அலையாக்கிவிடும். தகட்டின் பின்பக்கம் செம்புப் பட்டை வைத்து, நெருக்க நெருக்கக் கிளாம்ப் போடாமல் தகட்டில் ராடைத் தொடவே கூடாது.

ஐடிஐயில் வெல்டர் படிப்பு ஒரு வருஷம், எட்டாவது பாஸ் செய்திருந்தால் சேரலாம். ஏழைப் பையன்களுக்கு அது பெரிய வாசல், அதை நான் குறை சொல்லவே மாட்டேன். ஆனால் என்னிடம் வருகிற பையன்கள், ஐடிஐ என்றாலும் குறுகிய காலப் பயிற்சி என்றாலும், தட்டையான தகட்டின் மேல் கோடு அழகாகப் போடுகிறார்கள், நான்கு பைப்பைக் கொடுத்து ஒரு சட்டம் சேர்க்கச் சொன்னால் “யார்ணா பிடிக்கிறது?” என்று கேட்கிறார்கள். பயிற்சி நடத்துகிறவர்கள் முதல் வாரத்தில் ஒரு நாளாவது மெஷினைப் போடாமல், வேலையைப் பிடித்து நிறுத்த மட்டும் சொல்லித் தர வேண்டும். கடனுக்குத் திட்ட அறிக்கை வாங்குகிற அதிகாரிகளும் வங்கிக்காரர்களும் கருவிப் பட்டியலில் கிளாம்ப் வகைகள் என்று ஒரு வரி இருக்கிறதா என்று பார்த்து, இல்லையென்றால் சேர்த்து வரச் சொல்ல வேண்டும். மெஷினுக்கு ஆகிற செலவில் இது சின்னப் பங்குதான். பயிற்சி அறிவிப்பு போடும்போது என்னென்ன கருவி தருகிறார்கள் என்று நீங்களும் கேட்டு எழுதினால் உதவியாக இருக்கும்.

எங்கள் பட்டறைக்கு ஞாயிற்றுக்கிழமை மதியத்துக்கு மேல் வேலை இல்லை. சுற்றுவட்டாரப் பயிற்சி நிலையம் எதுவாக இருந்தாலும் ஐந்தாறு பையன்களை அனுப்பலாம். பழைய சேனல் துண்டுகள் ஒரு மூலையில் கிடக்கின்றன, போல்ட்டும் நட்டும் நான் வாங்கி வைக்கிறேன், ஆளுக்கு ஒரு சி கிளாம்ப் அவர்கள் கையாலேயே செய்து எடுத்துக்கொண்டு போகட்டும்.

இப்படிக்கு,
வெல்டிங் பட்டறைக்காரர் ஒருவர்,
காவேரிப்பட்டணம்,
கிருஷ்ணகிரி மாவட்டம்.